மதுரையை விட்டகன்ற மாணவர்

துறவை நாடி வருவோரைப் பெனடிக்ட் சபைக் கன்னிமாடங்கள் உடனே ஏற்பதில்லை; சிலகாலம் உடனுறையச் செய்து, அழைப்பு மெய்தானா என்று ஆராய்ந்த பின்னரே ஏற்கின்றன. அத்தகைய ஆராய்ச்சியை, வழிகாட்டுவார் எவருமின்றி, இம்மதுரையிலேயே நடத்திய ஒரு மாணவரின் சரிதையை ஈண்டுக் கூற விழைகின்றோம். அவரே பிற்காலத்தில் ரமண மகரிஷி எனப் புகழ்பெற்றவர்.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியிற் பிறந்த வேங்கடராமன், 1892-ல் தந்தையாரை இழந்து, மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெருவிற் சிறிய தந்தையார் இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். பாடத்தினும் விளையாட்டிலேயே விருப்பம் மிகுதி. 1896 ஜூலையில் ஒருநாள் மரணபயம் திடீரெனப் பற்றவே, உடல் மாய்ந்தாலும் மாயாத தாம் யாரென உள்நோக்கினார்.

அன்றே அவர் வீட்டைத் துறந்தாரல்லர். ஏறத்தாழ ஆறு வாரம் பள்ளிக்கும் சென்று, மாலைவேளைகளில் மீனாட்சியம்மை கோயிலில் அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் கண்ணீர் மல்க நின்றார். ஆகஸ்ட் 29-ந் தேதி, இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதவேண்டியவர், ஏட்டை ஒதுக்கிக் கண்மூடி அமர்ந்தார். தமையனார் இடித்துரைத்த சொல் நெஞ்சில் தைத்தது. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்கென எடுக்கச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றே கொண்டு, எஞ்சிய இரண்டைக் கடிதத்துடன் வைத்துவிட்டுப் புறப்பட்டார். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை சேர்ந்தார்.

1898-ல் அன்னையார் அழகம்மை வந்து அழுதழைத்தும் அவர் திரும்பவில்லை. அத்தாயின் துயர் சிறிதன்று. ஆயினும் 1916-ல் அன்னையாரும் அங்கேயே வந்து தங்கி, 1922-ல் மகனருகில் உயிர்நீத்தார். மகரிஷி 1950-ல் மறைந்தார்.

அழைப்புணரும் இளைஞர் அவ்வாறு வாரத்தையும், அவர் மீதம் வைத்த இரண்டு ரூபாயையும் ஒருங்கே நினைத்தல் நன்றென்போம்.