ஜாக்கிக்கு வியாழக்கிழமை

குழந்தைகளே! உங்கள் வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒருவர் அல்லது இருவர் இருப்பீர்கள். மிஞ்சிப் போனால் மூவர். அப்படி இருந்தும், அம்மாவுக்கு நம்மோடு உட்கார்ந்து பேச நேரமே இல்லை என்று உங்களில் பலர் குறைப்பட்டுக்கொள்வது எனக்குத் தெரியும். இன்று நான் சொல்லப்போகும் அம்மாவுக்கு 19 குழந்தைகள் பிறந்தன. அவர் எப்படி நேரம் கண்டுபிடித்தார், அதனால் ஒரு பிள்ளை என்ன ஆனான் என்பதைக் கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் பெயர் ஜான் வெஸ்லி. மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபை தோன்றக் காரணமானவர். வெஸ்லி என்ற பெயரில் நம் ஊர்களில் பள்ளியோ தேவாலயமோ பார்த்திருப்பீர்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அதில் சேர்ந்த சபைகளில் மெத்தடிஸ்ட் சபையும் ஒன்று.

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் சதுப்பு நிலம். அங்கே பாதிரியாராக இருந்தவர் சாமுவேல் வெஸ்லி. நிறையப் படித்தவர், கவிதை எழுதுவார், ஆனால் பணத்தைக் கையாளத் தெரியாதவர். அவருடைய மனைவி சூசன்னா. 19 குழந்தைகளில் பிழைத்து வளர்ந்தவர்கள் பத்துப் பேர். மூன்று ஆண், ஏழு பெண். 1703 ஜூன் மாதம் பிறந்த ஜானை வீட்டில் ஜாக்கி என்று கூப்பிடுவார்கள்.

சூசன்னா லண்டனில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் போதகர்தான். ஆனால் அரசாங்கத் திருச்சபையை ஏற்காமல் அதற்காகக் கஷ்டப்பட்டவர். மகள் என்ன செய்தாள் தெரியுமா? பதின்மூன்று வயது ஆவதற்குள் இரண்டு பக்கத்து வாதங்களையும் தானே யோசித்துப் பார்த்து, அப்பா விலகி வந்த அதே திருச்சபையில் போய்ச் சேர்ந்தாள்! அதற்காக அப்பா அவளை ஒதுக்கிவிடவில்லை. கடைசிவரை அன்பாகவே இருந்தார். கடவுள் விஷயத்தில் பிள்ளை சொந்தமாக யோசிக்கலாம் என்பதை சூசன்னா தன் தந்தையிடமே கண்டிருந்தார்.

இவர் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை பாடம். ஐந்து வயது முடிந்தால்தான் எழுத்து. அந்த ஒரு நாளில் 26 எழுத்தும் படித்துவிட வேண்டும். இரண்டு பெண்களைத் தவிர எல்லாரும் ஒரே நாளில் படித்துவிட்டார்கள். அந்த இருவருக்கும் ஒன்றரை நாள் ஆயிற்று. அவ்வளவுதான் வித்தியாசம்! மறுநாளே பைபிளின் முதல் அதிகாரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும்.

ஜெபமோ எழுத்துக்கு முன்பே வந்துவிடும். பேச்சு வந்ததும் காலையும் இரவும் சொல்ல ஒரு ஜெபம் கற்றுக்கொடுப்பார். பேச்சு வராத குழந்தைகூடச் சாப்பாட்டுக்கு முன் சைகையால் நன்றி காட்டும்.

அவருடைய சட்டங்களில் எனக்குப் பிடித்தவை சில உண்டு. தவறு செய்த பிள்ளை தானாக ஒப்புக்கொண்டால் அடி கிடையாது. ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டனை கிடையாது. ஒரு குண்டூசியாக இருந்தாலும் அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எந்தப் பெண் குழந்தையும் நன்றாக வாசிக்கப் பழகும் வரை அவளுக்குத் தையல் வேலை கொடுக்கக் கூடாது. முந்நூறு வருடத்துக்கு முன்பு இப்படி ஒரு சட்டம்! அவருடைய மகள் ஹெட்டி எட்டு வயதிலேயே கிரேக்க மொழியில் பைபிள் வாசித்தாளாம்.

ஆனால் ஒரு வயதுக் குழந்தைகூடப் பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழ வேண்டும் என்பது அவர் கொள்கை. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பல வருடம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பயந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

கடவுளை நம்பு என்று பிள்ளைக்குச் சொல்வது சுலபம். வீட்டில் துன்பம் வரும்போது பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள், இல்லையா? எப்வொர்த்தில் துன்பத்துக்குப் பஞ்சமே இல்லை. 1705-ல் நடந்த ஒரு தேர்தலில் சாமுவேல் ஒரு கட்சியை ஆதரித்தார். ஊரார் பலருக்கு அது பிடிக்கவில்லை. முப்பது பவுண்டுக்கும் குறைவான ஒரு கடனுக்காக அவரைப் பிடித்து லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டுவிட்டார்கள். அதோடு விடவில்லை. ராத்திரியில் வந்து அவர்களுடைய பசுமாடுகளைக் கத்தியால் குத்தினார்கள். அந்தப் பாலை நம்பித்தான் குழந்தைகள் இருந்தார்கள்.

சூசன்னாவிடம் காசு இல்லை. கையிலிருந்த மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். சாமுவேல் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடவுள் தனக்கு வேறு வழி காட்டுவார் என்று நம்பினார். சிறையில் இருந்த மற்றக் கைதிகளுக்கு ஜெபம் நடத்தத் தொடங்கினார். சில மாதங்களில் நண்பர்கள் உதவியால் விடுதலை ஆனார்.

யார்க் நகரப் பேராயர் சூசன்னாவிடம் எப்போதாவது ரொட்டிக்கே வழியில்லாமல் இருந்ததுண்டா என்று கேட்டார். ரொட்டி இல்லாமல் போனதில்லை, ஆனால் அதைச் சம்பாதிக்க முன்னால் பட்ட பாட்டையும், பிறகு அதற்குப் பணம் கொடுக்கப் பட்ட பாட்டையும் நினைத்தால் ரொட்டியே கசந்துபோகும் என்று அவர் பதில் சொன்னார். நம்பிக்கை உள்ளவர் என்பதற்காகக் கஷ்டத்தை மூடி மறைக்கவில்லை, பாருங்கள்.

அடுத்தது 1709 பிப்ரவரி 9. நள்ளிரவு நெருங்கும் நேரம். கூரை வேய்ந்த அந்த மர வீடு தீப்பிடித்துக்கொண்டது. எல்லாரும் தூக்கத்தில் இருந்தார்கள். மாடியில் சின்னப் பிள்ளைகளோடு படுத்திருந்த பணிப்பெண், ஒரு வயதுக் குழந்தை சார்லஸைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்களைப் பின்னால் வரச் சொல்லி ஓடினாள். மூன்று பேர் ஓடினார்கள். ஐந்து வயது ஜாக்கி எழுந்திருக்கவே இல்லை.

நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த சூசன்னா நெருப்புக்குள் நடந்தே வெளியே வந்தார். கால்களும் முகமும் வெந்துபோயின. தோட்டத்தில் நின்று எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது! சாமுவேல் உள்ளே ஓடினார். மாடிப்படி எரிந்துகொண்டிருந்தது, கால் வைக்க முடியவில்லை. மறுபடி ஓடினார், அப்போதும் முடியவில்லை. வேறு வழி இல்லாமல் அந்தக் கூடத்திலேயே முழங்காலிட்டு, மகனின் ஆன்மாவைக் கடவுளிடம் ஒப்படைத்தார்.

மாடியில் ஜாக்கி கண் விழித்தான். அறையெல்லாம் வெளிச்சம். விடிந்துவிட்டது என்று நினைத்தான். தலையை நீட்டிப் பார்த்தால் மேலே நெருப்புக் கோடுகள். கதவுப் பக்கம் போனான், வழி இல்லை. ஜன்னல் ஓரம் இருந்த பெட்டியின்மேல் ஏறி நின்றான். வெளியில் இருந்த ஒருவர் அவனைப் பார்த்துவிட்டார். ஏணி கொண்டுவர நேரம் இல்லை. ஒருவர் சுவரோரம் நிற்க, இன்னொருவர் அவர் தோளில் ஏறினார். முதல் தடவை சரிந்து விழுந்தார். இரண்டாம் தடவை பிள்ளையை இழுத்துக்கொண்டார். அந்த நிமிடமே கூரை உள்பக்கமாக இடிந்து விழுந்தது.

புத்தகங்கள் போயின. துணிமணிகள் போயின. சாமுவேல் அங்கே நின்ற எல்லாரையும் கூப்பிட்டு முழங்காலிட்டு நன்றி சொல்வோம் என்றார். எட்டுப் பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள், வீடு போனால் போகட்டும், தான் பணக்காரன்தான் என்றார். எரிகிற வீட்டின் முன்னால் அப்பா நன்றி சொன்னதை ஜாக்கி சாகும்வரை மறக்கவில்லை. நெருப்பிலிருந்து பிடுங்கி எடுத்த கொள்ளிக்கட்டை என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். பைபிளில் வருகிற உவமை அது.

புது வீடு கட்டி முடிக்கும் வரை பிள்ளைகள் பல வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். திரும்பி வந்தபோது பேச்சும் பழக்கமும் கெட்டிருந்தன. சூசன்னா பழைய ஒழுங்கை மறுபடி கொண்டுவந்தார். ஆனால் வெறும் ஒழுங்கு போதாது என்று அவரை யோசிக்க வைத்தது ஒரு புத்தகம். அது எந்த ஊரைப் பற்றியது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். நம்முடைய தரங்கம்பாடி!

1706-ல் டென்மார்க் அரசர் அனுப்பித் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புளூட்சௌ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்களைப் பற்றி உங்கள் ஆசிரியர்கள் சொல்லியிருக்கலாம். தமிழ் படித்து, தமிழில் எழுதி, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர் சீகன்பால்கு. தரங்கம்பாடிப் பணி பற்றிய விவரங்கள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்திருந்தன. சாமுவேல் லண்டன் போயிருந்த சமயம், மூத்த பெண் எமிலி அந்தப் புத்தகத்தை அப்பாவின் அறையில் கண்டெடுத்தாள். அதை வாசிக்கக் கேட்ட சூசன்னாவுக்குப் பல நாள் வேறு நினைவே இல்லை. நான் ஆணும் இல்லை, பாதிரியாரும் இல்லை, ஆனால் என்னால் முடிந்ததை என் வீட்டில் செய்யலாமே என்று நினைத்தார்.

அப்போது ஏற்பட்டதுதான் இந்த அட்டவணை. திங்கள் மோலி. செவ்வாய் ஹெட்டி. புதன் நான்சி. வியாழன் ஜாக்கி. வெள்ளி பாட்டி, அதாவது மார்த்தா. சனி சார்லஸ். ஞாயிறு எமிலியும் சூக்கியும். அன்றன்றைக்கு உரிய பிள்ளையை மாலையில் தனியே அழைத்து, மனதில் என்ன இருக்கிறது என்று கேட்பார். பயம், சந்தேகம், கடவுளைப் பற்றிய கேள்வி எல்லாம் அங்கே பேசலாம். நெருப்பிலிருந்து மீண்ட பிள்ளை என்பதால் ஜாக்கியின்மீது தனிக் கவனம் வைப்பதாக 1711-ல் அவர் எழுதியும் வைத்திருக்கிறார்.

அதே குளிர்காலத்தில், ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் பிரசங்கம் வாசித்துக் காட்டினார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். முப்பது பேர், நாற்பது பேர் என்று ஏறி, இருநூறு பேருக்கு மேல் கூடினார்கள். துணைப் பாதிரியாருக்கு அது பொறுக்கவில்லை, லண்டனுக்குப் புகார் எழுதினார். நிறுத்திவிடு என்று கணவர் கடிதம் போட்டார். நிறுத்த வேண்டும் என்று விரும்பினால் வெறும் விருப்பமாகச் சொல்லாதீர்கள், தெளிவாகக் கட்டளை இடுங்கள், நாளைக்குக் கடவுள் முன்னால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று சூசன்னா பதில் எழுதினார். அந்தக் கட்டளை வரவே இல்லை!

எல்லாமே நன்றாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கிரேக்கம் படித்த ஹெட்டி பெரியவள் ஆனபின் ஒரு தவறு செய்தாள். தந்தை அவளை மன்னிக்கவே இல்லை. பொருந்தாத திருமணத்தில் அவள் வாழ்க்கை வீணாயிற்று. 1726-ல் ஜான் தன் தந்தையின் பொறுப்பில் இருந்த தேவாலயத்திலேயே, தவறியவர்களிடம் அன்பு காட்ட வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். யாருக்காகச் சொல்கிறார் என்று அப்பாவுக்குப் புரிந்தது. கோபம் வந்தது. பெற்றோர் கற்றுக்கொடுத்ததைப் பிள்ளை பெற்றோருக்கே நினைவூட்ட வேண்டி வந்தது.

ஜான் பத்து வயதில் லண்டன் பள்ளிக்குப் போனார். பிறகு ஆக்ஸ்போர்டு. அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1732-ல் அவருக்கு வயது 28. பல மொழி தெரிந்த அறிஞர். அப்போது அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பு வியாழக்கிழமை மாலையில் எனக்குக் கொடுத்த அந்தச் சிறிது நேரத்தை இப்போதும் எனக்காக ஒதுக்கினால் போதும், சின்ன வயதில் அது உதவியதுபோல இப்போதும் உதவும் என்று கேட்டிருந்தார். அதே ஆண்டில், எங்களை எப்படி வளர்த்தீர்கள் என்று எழுதித் தரவும் வேண்டினார். அவர் பதில் எழுதியதால்தான் மேலே சொன்ன சட்டங்கள் நமக்குத் தெரிகின்றன.

1735-ல் தந்தை இறந்தார். அமெரிக்காவில் ஜார்ஜியா என்ற இடத்துக்குப் போதகராகப் போக ஜானுக்கு அழைப்பு வந்தது. விதவைத் தாயை விட்டுப் போவதா என்று தயங்கினார். இருபது மகன்கள் இருந்தாலும் இப்படிப் போவதில் மகிழ்ச்சியே, திரும்பப் பார்க்க முடியாவிட்டாலும் சரி என்று அம்மா சொன்னாராம்.

கடலில் பெரும் புயல். கப்பலின் பாய் கிழிந்தது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். கப்பலில் இருந்த மொராவியர் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள் மட்டும் நிறுத்தாமல் பாடிக்கொண்டே இருந்தார்கள். பயமாக இல்லையா என்று ஜான் பிறகு விசாரித்தார். இல்லை என்றார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமா என்று கேட்டார். அவர்களுக்கும் பயம் இல்லை என்றார்கள். ஜானுக்கோ சாகப் பயமாக இருந்தது. இத்தனை ஜெபமும் இத்தனை படிப்பும் இருந்தும் இந்தக் குழந்தைகளுக்கு இருக்கும் நம்பிக்கை தன்னிடம் இல்லையே என்று வெட்கப்பட்டார்.

ஜார்ஜியாவில் பல சிக்கல்கள். தோற்றுப்போய் 1738-ல் திரும்பினார். அந்த ஆண்டு மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். ஒருவர் மார்ட்டின் லூதர் எழுதிய ஒரு முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க, நெஞ்சுக்குள் ஏதோ இதமாகச் சூடேறுவது போல ஜானுக்கு இருந்தது. கடவுள் தன்னை, தன்னையேகூட, மன்னித்துவிட்டார் என்ற நிச்சயம் வந்தது. அம்மா ஐந்து வயதிலிருந்து சொல்லித் தந்தது தன்னுடையதாக ஆக அவருக்கு ஏறக்குறைய 35 வயது வரை பிடித்தது.

இதைவிட ஆச்சரியம், அடுத்த ஆண்டு அம்மாவும் மகனிடம் அதையே சொன்னார். எழுபது வயதை அடைந்துவிட்ட அவர், அண்மையில் திருவிருந்து வாங்கும்போதுதான் தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் தனக்குக் கிடைத்தது என்றார்.

அதன் பிறகு ஜான் வயல்வெளியிலும் சந்தையிலும் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவிலும் பிரசங்கித்தார். குதிரையில் சுமார் நான்கு லட்சம் கிலோமீட்டர் சுற்றினார் என்று கணக்கிடுகிறார்கள். தம்பி சார்லஸ் ஆயிரக்கணக்கான பாடல்கள் எழுதினார். 1774-ல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஜான் நூல் எழுதினார். இறப்பதற்குச் சில நாள் முன்பும், அந்த வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்சுக்கு ஊக்கம் தந்து கடிதம் அனுப்பினார்.

கடைசிக் காலத்தில் சூசன்னா லண்டனில் மகனோடு இருந்தார். பழைய பீரங்கி ஆலை ஒன்றை வாங்கி ஜான் அதைத் தேவாலயமாக்கி இருந்தார். அங்கே ஒரு முறை, பாதிரியார் பட்டம் பெறாத மேக்ஸ்ஃபீல்டு என்ற இளைஞர் பிரசங்கம் செய்துவிட்டார். ஜான் கோபமாக ஓடி வந்தார். உன்னைப் போலவே அவனையும் கடவுள்தான் அழைத்திருக்கிறார், முதலில் போய் அவன் பேசுவதைக் கேள் என்றார் அம்மா. ஜான் போய்க் கேட்டார். மறுப்புச் சொல்ல அவரால் முடியவில்லை. சாதாரண மக்களும் பிரசங்கிக்கும் பழக்கம் மெத்தடிஸ்ட் சபையில் அப்படித்தான் வலுப்பட்டது.

1742 ஜூலையில் சூசன்னா இறந்தார். தன் உயிர் பிரிந்ததும் அழாமல் கடவுளைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். கட்டிலைச் சுற்றி நின்று அப்படியே பாடினார்கள். லண்டனில் பன்ஹில் ஃபீல்ட்ஸ் என்ற கல்லறைத் தோட்டத்தில் பெரும் கூட்டத்தின் நடுவே ஜானே அடக்க ஆராதனை நடத்தினார்.

1778-ல் அந்தத் தோட்டத்துக்கு எதிரே, சிட்டி ரோடில் ஜான் ஒரு தேவாலயம் கட்டித் திறந்தார். 1791 மார்ச் 2-ம் தேதி, தன் 87-வது வயதில் இறந்த அவரை அதன் பின்புறத்தில்தான் அடக்கம் செய்தார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் அம்மா.