வெற்றுத்தாளில் இட்ட கையொப்பம்: கரிஞ்சாவின் வாழ்வும் உழைப்பும்

பிரேசில் கால்பந்து வரலாற்றில் பெலேவுக்கு இணையாக வைத்துப் பேசப்படும் பெயர் கரிஞ்சா. பெலேவை அந்நாடு மன்னர் என்று அழைத்தது. கரிஞ்சாவை மக்களின் மகிழ்ச்சி என்று அழைத்தது. இருவரும் சேர்ந்து களமிறங்கிய எந்தப் பன்னாட்டு ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. ஆயினும் ஒருவர் அமைச்சர் பதவி வரை உயர்ந்தார். மற்றவர் 49 வயதில் வறியவராக இறந்தார். இந்த வேறுபாட்டுக்கு மதுவைக் காரணம் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. மது ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் உழைப்பின் பயன் யாரைச் சேர்ந்தது, எந்த விதிகளின் கீழ் சேர்ந்தது என்ற கேள்வியை அந்த விளக்கம் மறைத்துவிடுகிறது.

மனுவேல் பிரான்சிஸ்கோ தோஸ் சான்டோஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1933 அக்டோபர் 28 அன்று ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் மஜே வட்டாரத்தில் உள்ள பாவ் கிராண்டே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தைவழி முன்னோர் வடகிழக்குப் பிரேசிலின் புல்னியோ பழங்குடியைச் சேர்ந்தவர்கள். அடிமைமுறையை 1888இல்தான் பிரேசில் சட்டப்படி ஒழித்தது; அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக ஒழித்த நாடு அதுவே. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமோ இழப்பீடோ கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதோருக்கு வாக்குரிமை மறுக்கும் விதி 1985 வரை நீடித்தது. கறுப்பின மக்களும் பழங்குடியினரும் கலப்பினத்தவரும் குடிமக்கள் என்ற பெயரை மட்டுமே பெற்றிருந்த நாட்டில்தான் கரிஞ்சா பிறந்தார்.

பாவ் கிராண்டே ஒரு நெசவாலை ஊர். தொழிலாளரின் வீடு, பள்ளி, தேவாலயம், கால்பந்து மன்றம் அனைத்தும் ஆலையைச் சார்ந்தே இருந்தன. அவருடைய தந்தை அங்கே காவலாளி. கரிஞ்சா 14 வயதில் அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையில் அக்கறையில்லாதவர் என்று நீக்கப்பட்டவர், ஆலை அணிக்கு ஆட்டக்காரர் தேவைப்பட்டதால் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவருடைய கால்கள் பிறவியிலேயே வளைந்தவை. வலக்கால் உள்நோக்கியும் இடக்கால் வெளிநோக்கியும் வளைந்திருந்தன. ஒன்று மற்றதைவிடக் குட்டை. கரிஞ்சா என்பது ஒரு சிறு குருவியின் பெயர். உருவத்தில் சிறியவராக இருந்ததால் அக்காள் அப்பெயரை இட்டார். மனுவேல் என்பதன் சுருக்கமான மனே என்ற சொல்லுக்குப் பேச்சுவழக்கில் அப்பாவி, ஏமாளி என்ற பொருளும் உண்டு. அந்த இரண்டாம் பொருளைச் சமூகம் வாழ்நாள் முழுவதும் அவர்மீது சுமத்தியது.

1953இல் ரியோவின் போட்டஃபோகோ கிளப்பின் தேர்வுக்குச் சென்றார். அவரைத் தடுக்க நிறுத்தப்பட்டவர் நில்டன் சான்டோஸ். அன்றைய பிரேசிலின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவர். கரிஞ்சா அவரை எளிதாகக் கடந்து சென்றார். இந்த ஆளை எதிரணியில் சந்திக்க நேரக்கூடாது, உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சான்டோஸே கிளப்புக்கு அறிவுறுத்தினார். கரிஞ்சா தம் முதல் போட்டியிலேயே மூன்று கோல் அடித்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கிளப்புக்காக 600க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார். 1957, 1961, 1962 ஆண்டுகளில் மாநிலப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்.

1958 உலகக் கோப்பைக்கு முன் பிரேசில் அணியினர் உளவியல் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். கரிஞ்சாவுக்குக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. அவர் பொறுப்புணர்வற்றவர், பெலே முதிர்ச்சியற்றவர் என்று உளவியலாளர் முடிவு கூறினார். அந்தக் காலச் சூழலோடு சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். 1950இல் சொந்த மண்ணில் உருகுவேயிடம் தோற்றபோது, பழி முழுவதும் பார்போசா, பிகோடே, ஜுவெனால் என்ற மூன்று கறுப்பின வீரர்கள்மீது சுமத்தப்பட்டது. கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் நெருக்கடியைத் தாங்கும் மன உறுதியற்றவர்கள் என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. சோதனைத்தாள் அந்தக் கருத்துக்கு அறிவியல் முத்திரை குத்தியது. தகுதியை அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே தகுதியற்றவர் யார் என்பது முடிவாகிறது.

முதல் இரண்டு ஆட்டங்களில் கரிஞ்சா களமிறக்கப்படவில்லை. இங்கிலாந்துடனான இரண்டாம் ஆட்டம் கோலின்றி முடிந்தது. சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான மூன்றாம் ஆட்டத்தில்தான் அவரும் பெலேயும் சேர்க்கப்பட்டனர். முதல் நிமிடத்திலேயே கரிஞ்சா அடித்த பந்து கோல் கம்பத்தில் மோதியது. அந்தத் தொடக்க நிமிடங்களின் வேகத்துக்குச் சோவியத் அணியால் ஈடுகொடுக்க முடியவில்லை. சுவீடனுடனான இறுதியாட்டத்தில் பிரேசில் பின்தங்கியிருந்தபோது, வலது ஓரத்தில் இருந்து அவர் அனுப்பிய பந்துகளைக் கொண்டு வவா இரண்டு கோல் அடித்தார். 5-2 என்ற கணக்கில் பிரேசில் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது.

1962இல் சிலியில் பெலே இரண்டாம் ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறினார். அணியின் முழுச் சுமையும் கரிஞ்சாமீது விழுந்தது. இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். அதே அரையிறுதியில், தம்மை ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த எதிராளியைத் திருப்பி உதைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். இறுதியாட்டத்தில் அவரை ஆட வைக்கப் பிரேசில் அரசு வரை முனைந்து நின்றது. சாட்சி சொல்ல வேண்டிய துணை நடுவர் விசாரணைக்கு முன்பே நாட்டைவிட்டுப் புறப்பட்டிருந்தார். கரிஞ்சாவுக்குத் தடை விதிக்கப்படவில்லை. காய்ச்சலோடு ஆடினார்; செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று வென்று பிரேசில் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. அவர் தேவைப்பட்டபோது அரசு எவ்வளவு விரைந்து செயல்படும் என்பதற்கு இது சான்று. அவருக்குத் தேவை ஏற்பட்டபோது அந்த விரைவு இல்லை.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். போட்டஃபோகோ நீட்டிய வெற்று ஒப்பந்தத் தாள்களில் அவர் கையொப்பமிட்டார். தொகையைக் கிளப் பின்னர் நிரப்பிக்கொண்டது. உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று போற்றப்பட்ட காலத்திலும் அவருடைய ஊதியம் சக வீரர்கள் சிலருடைய ஊதியத்தைவிடக் குறைவாகவே இருந்தது. இதை அவருடைய வெகுளித்தனமாகக் காட்டும் கதைகள் ஏராளம். ஆனால் ஒப்பந்தம் என்பது சம வலிமையுள்ள இருவர் செய்துகொள்ளும் உடன்பாடு என்பது சட்டத்தின் கற்பனை. பாஸே என்று அழைக்கப்பட்ட முறைப்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரர்மீதான உரிமை கிளப்பிடமே இருந்தது. கிளப் விடுவித்தாலொழிய அவர் வேறிடத்தில் ஆட முடியாது. வெளியேறும் உரிமை இல்லாதவருக்குப் பேரம் பேசும் வலிமை எங்கிருந்து வரும்? படித்துப் பார்த்துக் கையொப்பமிட்ட வீரர்களும் அதே முறையால் கட்டுண்டிருந்தனர்.

அவருடைய உடலும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. வெளிநாட்டுக் காட்சி ஆட்டங்கள் கிளப்புக்குப் பெரும் வருவாய் தந்தன. கரிஞ்சா களத்தில் இருந்தால்தான் அந்த வருவாய். வளைந்த கால்களின் மூட்டுகள் தேய்ந்துகொண்டிருந்தன. வலியை மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு ஆடினார். 1964இல்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது. பழைய வேகம் திரும்பவில்லை. 1966இல் கொரிந்தியன்ஸ் அணிக்கு மாறினார். அதே ஆண்டு உலகக் கோப்பையில் ஹங்கேரியிடம் பிரேசில் 1-3 எனத் தோற்றது. நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமும், அவர் ஆடித் தோற்ற ஒரே ஆட்டமும் அதுதான்.

அவருடைய இல்வாழ்வைப் பூசி மெழுகத் தேவையில்லை. மனைவி நாயிரையும் எட்டு மகள்களையும் விட்டு, கறுப்பினப் பாடகி எல்சா சோரெஸுடன் வாழ்ந்தார். குடும்பத்தைக் குலைத்தவர் என்ற வசை முழுவதும் எல்சாமீதே பொழியப்பட்டது. 1969இல் கரிஞ்சா ஓட்டிய கார் விபத்துக்குள்ளானதில் எல்சாவின் தாய் இறந்தார். குடிபோதையில் கரிஞ்சா எல்சாவை அடித்தார். 1977இல் எல்சா பிரிந்தார். சுரண்டப்பட்ட ஆண் தன் வீட்டில் ஒடுக்குபவனாகவும் இருந்தான் என்ற உண்மையை விலக்கிவிட்டு எழுதும் வரலாறு நேர்மையானதாகாது. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பேசும்போது, அவர் இழைத்த அநீதியையும் அதே குரலில் பேச வேண்டும்.

1973 டிசம்பரில் மரக்கானா அரங்கில் அவருக்காக ஒரு பிரியாவிடை ஆட்டம் நடத்தப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். வந்த நிதி அவருக்கு உதவியாயிற்று. மக்களின் அன்பு உண்மையானது. ஆனால் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில், அவை ஒருநாள் கொடையாக வந்தன. கொடை தீர்ந்துபோகும், உரிமைதான் மாதந்தோறும் வரும். 1983 ஜனவரி 20 அன்று, மதுவால் கல்லீரல் சிதைந்து ரியோவில் இறந்தார். மரக்கானாவில் இருந்து பாவ் கிராண்டே நோக்கித் தீயணைப்பு வண்டியில் சென்ற சவப்பெட்டியைக் காண வழிநெடுக மக்கள் நின்றனர்.

பாஸே முறையை ஒழித்த சட்டம் 1998இல் வந்தது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்து அதற்கு வித்திட்டவர் பெலே. அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. 2001இல் அம்முறை முடிவுக்கு வந்தது. கரிஞ்சா இறந்து 18 ஆண்டுகள் கழித்து, பிரேசில் வீரர் தம் உழைப்பைத் தாமே விற்கும் உரிமையைப் பெற்றார்.

தலைநகர் பிரேசிலியாவின் தேசிய விளையாட்டரங்கம் மனே கரிஞ்சாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2014 உலகக் கோப்பைக்காக அமைக்கப்பட்ட அரங்குகளிலேயே அதிகம் செலவிடப்பட்டது அதுதான். 2017இல், மஜேயில் அவர் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் அவருடைய எலும்புகள் எங்கே இருக்கின்றன என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்ற செய்தி வெளியாயிற்று. உழைக்கும் மக்களில் இருந்து எழுந்த ஒருவரைக் கொண்டாடுவது அரசுகளுக்கு எளிது. அவர் உயிரோடிருக்கும்போதே அவருடைய ஊதியத்தையும் உடலையும் சட்டத்தால் காப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.