கிருஷ்ணனும் மூலக்கூறின் கோணமும்

உப்புவெளி என்னும் பெயரிலேயே உப்பு இருக்கின்றது. அக்கடலின் நீர் அவ்வுப்பைக் கரைத்து வைத்திருப்பதற்கு நீர் மூலக்கூறு வளைந்திருப்பது முக்கிய காரணமாகும். ஒட்சிசனின் இருபுறமும் ஐதரசன் அணுக்கள் நேர்கோட்டில் நின்றிருப்பின் அதன் முனைவுத்தன்மை அற்றுப்போயிருக்கும். உப்பும் இவ்வாறு கரைந்திராது.

வளைவின் காரணத்தை எமது உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். பிணைப்பில் சேராத தனிச்சோடி இலத்திரன்கள், பிணைப்புச் சோடிகளைக் கூடுதலாகத் தள்ளுகின்றன. தனிச்சோடியற்ற மெதேனில் 109.5 பாகையாகவுள்ள கோணம், ஒரு தனிச்சோடியுள்ள அமோனியாவில் ஏறத்தாழ 107 ஆகவும், இரண்டுள்ள நீரில் 104.5 ஆகவும் குறுகுகின்றது. ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறு நேரானதா வளைந்ததா என அறிய ஒரு வழியைத் திறந்த இருவரும் தமிழர் என்பதைப் பலர் அறியார். ஒருவரான சேர் சி. வி. இராமனை உலகறியும். மற்றவரையே நாம் இங்கு நினைவுகூருகின்றோம்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசெம்பர் 4 ஆம் திகதி தமிழகத்தின் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றார். இரசாயனவியல் செய்முறை விளக்குநராகச் சிலகாலம் பணியாற்றியபின் கல்கத்தா சென்று இராமனுடன் இணைந்தார். 1928 இன் தொடக்கத்தில் திரவம் திரவமாக ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியின் நிறமாற்றத்தை நோக்கிய உழைப்பில் பெரும்பங்கு கிருஷ்ணனுடையது. அம்மாற்றத்தில் மூலக்கூறின் அதிர்வுகள் பதிந்திருந்தன. நேர்கோடான காபனீரொட்சைட்டு தன் அதிர்வுகள் சிலவற்றை அவ்வொளியில் காட்டாது. வளைந்த நீர் மூலக்கூறு அவ்வாறு மறைப்பதில்லை. உருவத்தை ஊகிக்க இரசாயனவியலாளருக்கு இது கைகொடுத்தது.

முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930 இன் நொபெல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. ஆய்வை வழிநடத்தியவர் இராமன் என்பதால் இதனை அநீதியென நாம் கூறோம். ஆனால் விளைவின் பெயரோடு கிருஷ்ணனின் பெயரும் வகுப்பறையில் ஒலிப்பதற்கு எத்தடையும் இல்லை.

அவர் மனம் சோர்ந்து அமரவில்லை. 1928 இலேயே டாக்கா பல்கலைக்கழகம் சென்றார். அங்கு சிறு பளிங்குகளை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை திரும்பும் விதத்தை அளந்து, உள்ளே தட்டையான மூலக்கூறுகள் எத்திசையில் சாய்ந்துள்ளன என்பதைக் கணித்தார். காந்தமும் இழையுமே பிரதான கருவிகள்! 1940 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. தனிச்சோடிகளையும் கணக்கிற்கொண்டு மூலக்கூறு உருவத்தை விளக்கும் கருத்தை சிட்ஜ்விக்கும் பவலும் அதே சங்கத்தின் பேருரையில் முன்வைத்ததும் அவ்வாண்டிலேயே.

1947 இல் புதுடில்லியின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திற்கு முதலாவது பணிப்பாளரானார். அப்பதவியில் இருக்கும்போதே 1961 ஜூனில் காலமானார்.