சுரங்கம் தந்த வரலாற்றாசிரியர்

ஒரு மக்களினத்தின் உரிமைகளை மறுக்க நினைப்போர், அவ்வினத்திற்குச் சொல்லத்தக்க வரலாறே இல்லை என்று முதலில் நிறுவ முயல்வர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. அடிமைமுறை 1865இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் தென்மாநிலங்களில் அவர்தம் வாக்குரிமை பறிக்கப்பட்டது. பள்ளியும் தொடர்வண்டியும் நிறத்தால் பிரிக்கப்பட்டன. பாடநூல்களோ அவர்களை அடிமைகளாக மட்டுமே காட்டின. இந்நிலையைச் சான்றுகளின் துணையால் மாற்ற முனைந்தவர் கார்ட்டர் ஜி. உட்சன்.

வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கேன்டன் என்னும் சிற்றூரில் 1875 டிசம்பர் 19 அன்று உட்சன் பிறந்தார். அவருடைய பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அவ்வூர்ப் பள்ளி ஆண்டில் சில மாதங்களே நடந்தது; வயல்வேலை இல்லாத நாள்களில்தான் அங்கும் செல்ல முடிந்தது. எழுத்தறியாத தந்தைக்கு நாளிதழைப் படித்துக் காட்டுவது சிறுவன் உட்சனின் கடமையாயிற்று.

இளமையில் பிழைப்புத் தேடி மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியின் இல்லத்தில் மாலைதோறும் சுரங்கத் தொழிலாளர் கூடுவர். உள்நாட்டுப் போரில் பங்கேற்ற அவருக்கும் எழுத்தறிவு இல்லை. ஆயினும் நூல்களையும் நாளிதழ்களையும் வாங்கி வைத்திருந்தார். அவற்றை உட்சன் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்பர். பின்னர்ப் போர்க்களத்தில் தாம் கண்டதையும் அடிமை வாழ்வில் தாம் பட்டதையும் அவர்கள் உரைப்பர். நூல்களில் இடம்பெறாத ஒரு வரலாறு அம்மனிதர்களின் நினைவில் வாழ்வதை உட்சன் உணர்ந்தார். அவரது வாழ்நாள் பணிக்கு வித்திட்டது அவ்வில்லமே.

தம் இருபதாம் வயதை ஒட்டிய காலத்தில்தான் ஹன்டிங்டன் நகர உயர்நிலைப் பள்ளியில் அவர் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்தார். பின்னர்க் கென்டக்கியில், வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகக் கற்ற பெரியா கல்லூரியில் பயின்று 1903இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே அம்மாநில அரசு இரு நிறத்தாரும் ஒன்றாகக் கற்பதைச் சட்டத்தால் தடை செய்தது. அவர் நுழைந்த வாயில் அவர்தம் இனத்தார்க்கு அடைக்கப்பட்டது.

பிலிப்பைன்சில் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய பின், சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அங்கு டுபாய்சுக்கு அடுத்து முனைவர் பட்டம் பெற்ற இரண்டாம் கறுப்பினத்தவர் இவரே. பிறந்த வர்ஜீனியா எவ்வாறு பிளவுற்று மேற்கு வர்ஜீனியா என்னும் தனி மாநிலம் உருவானது என்பதே அவர்தம் ஆய்வுப் பொருள். தாம் உழைத்து வளர்ந்த நிலத்தையே ஆய்வுக் களமாகவும் கொண்டார். பின்னாளில் மேற்கு வர்ஜீனியாவில் கறுப்பினத்தாரின் தொடக்கக்காலக் கல்வியைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

அக்காலத்தில் கறுப்பினத்தாரை ‘நீக்ரோ’ என்னும் சொல்லால் குறித்தனர். நீக்ரோ வாழ்வியல் வரலாற்று ஆய்வுச் சங்கத்தை 1915இல் சிகாகோவில் நண்பர்களுடன் உட்சன் நிறுவினார். மறு ஆண்டு தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். பெரும்பதிப்பகங்கள் இத்தகைய நூல்களை ஏற்கத் தயங்கியமையால், 1921இல் தாமே பதிப்பகமும் அமைத்தார்.

வெற்றுப் புகழுரையை அவர் நாடவில்லை, ஆவணங்களையே நாடினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளையும் பழங்கடிதங்களையும் தேடித் தொகுத்தார். 1830ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து, அடிமைகளாக அன்றி விடுதலை பெற்றவர்களாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர்களைத் திரட்டி வெளியிட்டார். அவ்வாண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் விடுதலை பெற்றவர்களாக வாழ்ந்தனர். அவர்களை மறந்த வரலாறு முழுமையானதாகாது என்பதை அப்பெயர்ப்பட்டியல் உணர்த்தியது.

அறிஞர் அவையில் மட்டும் தங்கிவிடும் ஆய்வால் பயனில்லை என்று கருதிய உட்சன், 1926இல் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ ஒன்றை அறிவித்தார். ஆபிரகாம் லிங்கனும் பிரடெரிக் டக்ளசும் நினைவுகூரப்படும் பிப்ரவரி இரண்டாம் வாரம் அதற்குரியதாயிற்று. ஆசிரியர்களுக்கு வேண்டிய பாடக்குறிப்புகளையும் படங்களையும் சங்கம் அனுப்பியது. தம் இனத்தைத் தாழ்வாகக் காட்டும் கல்வியைப் பெறும் மாணவன் தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளப் பழகுகிறான் என்பதை 1933இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

இப்பணிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. கல்லூரிப் பதவிகளைத் துறந்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை. வாஷிங்டனில் இருந்த இல்லத்தின் மேல்தளத்தில் தாம் வாழ்ந்து, கீழே சங்கத்தை நடத்தினார். 1930களில் செல்வர்தம் அறக்கட்டளைகளின் நிதியுதவி குறைந்தபோது, கறுப்பின ஆசிரியர்களும் திருச்சபைகளும் பொதுமக்களும் தந்த சிறு தொகைகளே அப்பணியைத் தாங்கின. 1950 ஏப்ரல் 3 அன்று அவ்வில்லத்திலேயே அவர் மறைந்தார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், நிறத்தால் பிரிக்கப்பட்ட பொதுப்பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் கறுப்பினத்தார் தரப்பு வழக்கறிஞர்களுக்கு ஜான் ஹோப் பிராங்க்ளின் முதலிய வரலாற்றாசிரியர்கள் துணைநின்றனர். வரலாற்றறிவு நீதிமன்றத்திலும் உரிமைக்குத் துணையாகும் என்பதை அது காட்டியது. உட்சன் தொடங்கிய வாரம் 1976இல் ஒரு மாதமாக விரிந்தது. எழுத்தறியாத உழைப்பாளர்களுக்கு ஏடுகளைப் படித்துக் காட்டிய இளைஞர், அவர்களுடைய வாழ்வையே ஏடுகளில் ஏற்றிவிட்டுச் சென்றார்.