செம்பில் எழுந்த மாளிகைகள்

இத்தாலியில் வெனிஸ் நகருக்கு அருகில், 1720ஆம் ஆண்டு, கற்றச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பிரனேசி. கட்டடக்கலை பயின்ற அவர் 1740இல் ரோம் நகரை அடைந்தார். அங்கே இடிந்து கிடந்த பழைய மண்டபங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அத்தகைய மாளிகைகளைத் தாமும் எழுப்ப விரும்பினார். ஆனால், அவ்வளவு பொருள் தரும் புரவலர் எவரும் அந்நாளில் இலர். ஆகவே, கல்லை விடுத்துச் செப்புத் தகட்டைக் கையில் எடுத்தார். கற்றச்சரின் மகனுக்கு இஃது எளிய மாற்றமன்று.

மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கோடுகள் கீறுவர். அமிலம் அக்கோடுகளை அரித்துப் பள்ளமாக்கும். பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் கிடைக்கும். இம்முறையில் அவர் ஆக்கிய படத்தொகுதி 1743இல் வெளிவந்தது. அதில் உள்ள மண்டபங்களும் படிக்கட்டுகளும் பாலங்களும் பெரும்பாலும் உலகில் எங்கும் இல்லாதவை.

இப்படங்களைக் காண்போர் முதலில் மனித உருவங்களைத் தேடுதல் வேண்டும். தூண்களின் அடியில் நிற்கும் அச்சிற்றுருவங்களைக் கண்ட பின்னரே தூண்களின் உயரம் விளங்கும். கட்டடம் நேராக நில்லாது மூலைவாட்டில் விரியும். அக்கால நாடக அரங்கின் திரை ஓவியர்கள் கையாண்ட உத்தி அது. வளைவுகளோ படத்தின் விளிம்போடு முடிவதில்லை. எஞ்சிய மாளிகையைக் காண்பவர் மனமே கட்டி முடிக்கிறது.

பின்னாளில் ரோம் நகரக் காட்சிகளையும் கற்பனைச் சிறைகளையும் வரைந்து பெரும்புகழ் பெற்றார். எனினும், கல்லில் அவருக்கு வாய்த்த கட்டடம் ஒன்றே. அவென்டைன் குன்றின்மேல் இருந்த சிறிய மாதா கோயிலை 1764 முதல் 1766 வரை புதுக்கிக் கட்டினார். 1778இல் மறைந்த பிரனேசியின் கல்லறையும் அக்கோயிலிலேயே உள்ளது.