இந்தியாவுக்கு ஜெட் போர் விமானம் வடிவமைத்த ஜெர்மானியர்

இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானத்தின் பெயர் "மாருத்". காற்று என்று பொருள். நாம் மாருதம் என்கிறோமே, அதுதான். அதை வடிவமைத்தவர் குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர்.

இவர் 1898-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி பிராம்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. முதல் உலகப்போரில் குதிரைப்படையில் பணியாற்றினார். பிறகு பெர்லினில் என்ஜினீயரிங் படித்தார். 1931-ல் போக்கி-உல்ப் கம்பெனியில் சேர்ந்தார். தான் வடிவமைத்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

அவருடைய "போக்கி-உல்ப் 190" ரகத்தில் 20 ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் ஹிட்லரின் போருக்காகத் தயாரிக்கப்பட்டன. அந்தக் கறை அவர் வாழ்வில் உண்டு.

ஐந்தோடு நின்றது

ஜெர்மனி தோற்றது. 1947-ல் மாற்றுப் பெயரில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். அந்நாட்டுக்காக அவர் உருவாக்கிய "புல்கி-2" ஜெட் விமானம் 1950-ல் பறந்தது. ஆனால் பணமுடை ஏற்பட்டது. 1955-ல் ஜனாதிபதி பெரோனின் ஆட்சியும் கவிழ்ந்தது. மாதிரி விமானங்கள் ஐந்தோடு சரி. பெருமளவு உற்பத்தி தொடங்கவே இல்லை.

பெங்களூரில்

1956-ல் தன் குழுவினருடன் பெங்களூர் வந்தார். மராட்டியரான டாக்டர் வி.எம்.காட்கேயும் மற்ற நம் என்ஜினீயர்களும் அவருடன் உழைத்தனர். முதலில் அதே அளவில் மரத்தால் கிளைடர் செய்து, 1959-ல் பறக்கவிட்டுச் சோதித்தனர். 1961 ஜூன் 17-ந் தேதி விமானி சுரஞ்சன் தாஸ் "மாருத்" விமானத்தில் வெள்ளோட்டம் பார்த்தார்.

என்ஜின் எங்கே?

ஒலியை மிஞ்சும் வேகத்துக்கென்று வடிவமைத்த விமானம் அது. ஆனால் நம்பியிருந்த பிரிட்டிஷ் என்ஜின் கிடைக்கவில்லை. அதை உருவாக்கி முடிக்கும் செலவை இந்தியா ஏற்கவில்லை. இங்கிலாந்தும் கைவிட்டது. சக்தி குறைந்த என்ஜின்களைப் பொருத்தினார்கள். தாதர் வழியாகப் போகும் டெக்கான் குயினுக்கு ஷண்டிங் என்ஜினை மாட்டியது போல ஆயிற்று.

1967-ல் டாங்க் பெங்களூரை விட்டுச் சென்றார். வேகத்தைக் கூட்டுவதற்காகச் செய்யப்பட்ட மாதிரி விமானம் 1970 ஜனவரி 10-ந் தேதி விழுந்து நொறுங்கியது. அதை ஓட்டிய சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். அந்த ரகம் உற்பத்திக்கு வரவில்லை.

ஆனாலும் 1971 போரில் "மாருத்" தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்கியது. குண்டடிபட்டு ஒரு என்ஜின் நின்றபோதும், மற்றொன்றின் துணையோடு விமானிகள் தளம் திரும்பினர்.

147 விமானங்களோடு தயாரிப்பு முடிந்தது. டாங்க் 1983 ஜூன் 5-ந் தேதி மூனிச் நகரில் காலமானார். 2001-ல் முதன்முதல் பறந்த நமது "தேஜஸ்" விமானத்துக்கும் இன்றுவரை என்ஜின் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது.