நம்ம பூஜை அறை காலண்டர் சாமி படம்: யார் இந்த கொண்டையராஜு?

வருஷம் முடிஞ்சதும் தேதித் தாளைக் கிழித்துப் போட்டாலும், காலண்டரில் இருக்கும் சாமி படத்தை மட்டும் தூக்கிப்போட மனசு வராது. ஃப்ரேம் போட்டு மாட்டிவிடுவோம். அப்படிப் பல வீடுகளுக்குள் வந்த படங்களை வரைந்தவர் சி. கொண்டையராஜு.

1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1940-களில் குழு கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அவர் ஓவியங்களை சிவகாசி அச்சகங்கள் காலண்டர்களாக அச்சடித்தன.

மேடையில் பார்த்த மாதிரியே தூண், திரை, அலங்காரம். எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் மீனாட்சி கல்யாணக் கதையை ஒரே படம் சொல்லிவிடும்.

டி.எஸ். சுப்பையா உள்ளிட்ட சீடர்களை உருவாக்கிவிட்டு, 1976-ல் மறைந்தார். படத்தைத் தினமும் கும்பிடுகிற பலருக்கு, வரைந்தவர் பேர் இன்னும் தெரியாது.